இல்லை என்ற பதிலின் ஆயுள்

நேசன் அண்ணையின் எஞ்சின் கடைக்கு
ஒரு பெயர் வாங்கியாயிற்று. வருசத்துக்குப் பன்னிரண்டு டொலர்.
அந்தப் பெயர் எங்கே இருக்கிறதென்று சொல்லத்தான்
இன்னும் ஆளில்லை.

குருநகரில் ஐஸ் தொழிற்சாலைக்கு மேலே என் அறை.
இரவு முழுக்கக் கட்டி உடைக்கிற சத்தம்.
கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு
விட்டு விட்டு எரிகிறது.
சிங்கப்பூரில் ஏதோவொரு பெரிய இயந்திரத்தின்
ஒரு மூலையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன்.
அதை ஒருநாளும் தொட்டுப் பார்க்கப் போவதில்லை.

பெயர் விற்றவர்கள் சொன்னார்கள்:
தேடி வருபவர்களுக்கு வழி காட்ட
இரண்டு நேம்சேர்வர் வேண்டும்.
கலியாண எழுத்துக்குச் சாட்சி கேட்பதுபோல.
என்னிடம் இருந்ததோ ஒன்று.
ஒரே ஆளை இரண்டு சட்டையில் அனுப்பினேன்.
பதிவாளர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

பேந்துதான் அந்தச் சிக்கு.
நேசன் எஞ்சின் எங்கே என்றால்
முதலாம் சேர்வரைக் கேள் என்கிறது.
முதலாம் சேர்வர் எங்கே என்றால்
அது நேசன் எஞ்சினுக்குள், அங்கே போய்க் கேள் என்கிறது.
பூட்டின வீட்டுக்குள்ளே திறப்பு.
ஒன்றரை மணித்தியாலம் படலையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.
மேலே இருப்பவனிடம்
அந்த நான்கு இலக்கங்களை முற்கூட்டியே
எழுதிக் கொடுத்து வைக்கவேண்டுமாம்.
அதற்குப் பெயர் பசை.
பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கும்
இன்னொரு திறப்பு என்று நான் விளங்கிக்கொண்டேன்.

ஐம்பத்துமூன்றாம் வாசல். இரட்டைக் கதவு.
ஒன்றைத் திறந்துவிட்டு
இரண்டும் திறந்ததாக நினைத்துத் தேத்தண்ணி குடித்தேன்.

கோப்பில், பெயரின் முடிவில் ஒரு புள்ளி.
அதை விட்டுவிட்டேன்.
பெயர் இன்னும் முடியவில்லை என்று நினைத்து
சேர்வர் முழுப் பெயரையும் மறுபடி ஒட்டிக்கொண்டது.
நேசன் எஞ்சின் நேசன் எஞ்சின்
என்று பஸ் ஸ்ராண்டில் கொண்டக்டர்
காரைநகர் காரைநகர் என்று கத்துவதுபோல.
ஒருவரும் ஏறவில்லை.

அண்ணை பத்து நிமிசத்துக்கு ஒருக்கால் அழைத்தார்.
"ஜெனிற்றா, வந்திட்டுதோ?"
"பொறுங்கோ அண்ணை."
பொறுக்கச் சொன்ன நானே
ஐந்து நிமிசத்துக்கு ஒருக்கால் தட்டிப் பார்த்தேன்.
இல்லை. இல்லை. அப்படி ஒரு பெயர் இல்லை.

புள்ளியை வைத்தேன். தொடர் இலக்கத்தை ஒன்று கூட்டினேன்.
இரவு இரண்டு மணிக்கு
சூரிச்சிலிருந்து அண்ணையின் மருமகள் படம் அனுப்பினாள்:
நாற்பது குதிரைவலு எஞ்சின்,
பின்னால் சரிந்த பெயர்ப்பலகை, பலகைக்குக் கீழே
அவருடைய பாதிச் செருப்பு.
"மாமா வந்திட்டார்!"

இங்கே மட்டும் இல்லை.

தேடி வாசித்தேன்.
பிறக்குமுன்னே ஒரு பெயரை விசாரித்தால்
இடையில் நின்று பதில் சொல்பவன்
'இல்லை' என்பதையும் குறித்து வைத்துக்கொள்வானாம்.
திரும்பக் கேட்டால் உள்ளே போய்ப் பார்க்கமாட்டான்,
குறித்ததை வாசிப்பான்.
அப்படிப்பட்ட கந்தோர்களை இந்த ஊருக்குத் தெரியும்.
படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு
வாசலில் நின்றவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

இந்த 'இல்லை'க்கு ஒரு ஆயுள் உண்டு.
எண்பத்தாறாயிரத்து நானூறு வினாடி.
எங்கிருந்தோ பார்த்து, விளங்காமல்
அந்த எண்ணை எழுதினதும் நான்தான்.
அவசரப்பட்டுக் கேட்டதும் நாங்கள் இரண்டுபேரும்தான்.
எண்ணை முந்நூறாக்கினேன், அடுத்தமுறைக்கு.

விடியக் கடைக்குப் போனேன்.
நேசன் அண்ணை பீப்பாத் தண்ணிக்குள்
ஒரு எஞ்சினை இறக்கிக்கொண்டிருந்தார்.
கையில் கிரீஸ், கன்னத்தில் போன்.
"அப்ப நான் இன்னும் இல்லையோ?"

"இருக்கிறியள் அண்ணை. சூரிச்சில இருக்கிறியள்.
குருநகருக்கு நாளைக்குத்தான் வருவியள்."

போனைச் சட்டைப்பையில் போட்டார்.
கயிற்றை இழுத்தார். இழுத்தார்.
மூன்றாந்தரம் பிடித்தது.